கேட்பதற்கு ஒரு செவி: புலம்பெயர் உழைப்பாளர் புனைவுகளில் தோழமையும் தனிமையும்

மொழிகள் சில வேளைகளில் தம்மையறியாமலே சமூக வரலாற்றை எழுதி வைத்துவிடுகின்றன. அரபு மொழியில் ‘கரீப்’ என்னும் சொல் அந்நியனைக் குறிக்கும். அதே சொல் பாரசீகத்தின் வழியே உருதுவுக்கும் இந்திக்கும் வந்து சேர்ந்தபோது ‘ஏழை’ என்று பொருள் மாறிற்று. தமிழில் ‘பரதேசி’ என்பதன் நேர்ப்பொருள் பிற தேசத்தான் என்பதே. வழக்கிலோ அது இரந்துண்பவனையும், சில இடங்களில் வசைச் சொல்லையும் குறிக்கலாயிற்று. ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரு மொழி மரபுகள் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. மண்ணைப் பிரிந்தவன் மதிப்பையும் பிரிந்தவன் என்பதே அம்முடிவு. இது சரியான முடிவுதானா என்னும் வினாவை எழுப்பியவை சட்டநூல்களைவிடப் புனைகதைகளே எனலாம்.

திண்டுக்கல் சமவெளியில், மேற்கே பழனிமலைத் தொடர் தெரிய, செம்பட்டியை அடுத்து அமைந்திருக்கும் சித்தையன்கோட்டை போன்ற பேரூர்களில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதில்லை. இங்குப் பல இல்லங்களில் ஒரு நாற்காலி நெடுங்காலம் காலியாகவே இருக்கும். முன்பு இலங்கை, மலாயா என்றும், 1970களின் எண்ணெய் வளப் பெருக்கத்திற்குப் பின் வளைகுடா என்றும் திசை மாறியதேயன்றிப் பயணம் நின்றபாடில்லை. தஞ்சை, நாகைக் கடலோர முஸ்லிம்கள் இத்தகையோரைச் ‘சபராளி’ என்றே அழைப்பர். பயணம் செய்தவர் பயணமாகவே அறியப்படுகிறார். அவர் அனுப்பிய பணத்தின் கணக்கு ஊருக்குத் தெரியும். அங்கே அவர் யாரோடு உண்டார், யாரிடம் மனம் திறந்தார் என்பதை ஊர் கேட்பதில்லை. ஊர் கேளாத இவ்வினாவையே நாம் இக்கட்டுரையில் இலக்கியத்திடம் கேட்க முனைகிறோம்.

கட்டற்றவனின் தனிமை

ஒப்பீட்டுக்கு அமெரிக்கப் புனைவொன்றிலிருந்து தொடங்குவது பயன்தரும். ஜான் ஸ்டைன்பெக் (1902–1968) 1937இல் வெளியிட்ட ‘எலிகளும் மனிதர்களும்’ என்னும் சிறு நாவல், கலிபோர்னியாவின் பண்ணைகளில் கூலிவேலை தேடி அலையும் ஜார்ஜ், லென்னி என்னும் இருவரைப் பற்றியது. ஸ்டைன்பெக் இவ்வுலகை வெளியிலிருந்து பார்த்தவர் அல்லர். இளமையில் பண்ணை வேலை செய்தவர். 1936இல் புலம்பெயர் உழவுக் கூலிகளின் முகாம்களுக்கு நேரில் சென்று நாளிதழில் தொடர் கட்டுரைகள் எழுதியவர். கதை நிகழுமிடம் சொலிடாட் என்னும் ஊரின் அருகே. அது ஒரு மெய்யான ஊர்ப்பெயர். ஸ்பானிய மொழியில் அதன் பொருள் தனிமை.

இந்நாவலில் அனைவரையும் வியக்க வைக்கும் செய்தி ஒன்றே: இரண்டு பேர் சேர்ந்து பயணம் செய்கிறார்கள். பண்ணை முதலாளி அதை ஐயுறுகிறான். அறிவு வளர்ச்சி குன்றிய லென்னியின் கூலியை ஜார்ஜ் அபகரிக்கிறானோ என்றே அவன் மனம் கணக்கிடுகிறது. ஒருவன் மற்றொருவனுக்காகச் சிரமப்படுவதற்கு ஆதாயம் தவிர வேறு காரணம் இருக்கக்கூடும் என்பது அவ்வுலகில் நம்பத்தகாததாகிவிட்டது. சக உழைப்பாளிகளும் வியக்கின்றனர். ஆனால் அவர்களுடைய வியப்பில் ஏக்கம் கலந்திருக்கிறது. முன்பு தம்மோடு வேலை செய்த ஒருவன் எழுதிய கடிதம் மலிவுப் பத்திரிகை ஒன்றில் அச்சாகியிருக்க, அந்தப் பக்கத்தை அவர்கள் பேணி வைத்திருக்கிறார்கள். உடனிருந்த மனிதன் போய்விட்டான். அவன் இருந்ததற்குச் சான்றாக ஒரு காகிதம் எஞ்சியிருக்கிறது. நாவலின் மிகச் சிறிய காட்சிகளுள் ஒன்றாகிய இதுவே அவ்வுலகத் தனிமையின் முழு அளவையும் உணர்த்திவிடுகிறது.

ஜார்ஜும் லென்னியும் விரும்பினால் அன்றே வேலையை விட்டுப் போகலாம். யாரும் தடுக்கமாட்டார்கள்; யாரும் தேடவும் மாட்டார்கள். அவர்களைப் பிணைக்கும் கடன் இல்லை. அவர்கள் திரும்பிச் செல்ல ஒரு வீடும் இல்லை. இதனைக் கட்டற்றவனின் தனிமை என்று கூறலாம். இத்தகையவனுக்கு நட்பு என்பது ஒரு கட்டு. அவனாக விரும்பி ஏற்றுக்கொண்ட கட்டு. ஆகவேதான் லென்னியைச் சுமையென்று அடிக்கடி நொந்துகொள்ளும் ஜார்ஜ், அச்சுமையை இறக்கி வைப்பதில்லை.

அவர்களுக்கென ஒரு கனவும் உண்டு. சிறு நிலம், சில முயல்கள், தம் விருப்பப்படி வேலை செய்யும் உரிமை. இக்கனவை ஜார்ஜ் திரும்பத் திரும்பச் சொல்ல, லென்னி திரும்பத் திரும்பக் கேட்கிறான். ஒரு கையை இழந்த முதியவர் கேண்டி தம் சேமிப்போடு இதில் இணைகிறார். குதிரைக் கொட்டிலை ஒட்டிய அறையில் நிறம் காரணமாகத் தனித்து ஒதுக்கப்பட்ட க்ரூக்ஸ் கூட ஒரு கணம் இதில் இடம் கேட்கிறான். முதலாளி மகனின் மனைவி வந்து அவனுடைய ‘இடத்தை’ அச்சுறுத்தலால் நினைவூட்டியதும் அக்கணமே பின்வாங்கிவிடுகிறான். நிலம் கிட்டுமா என்பதன்று இங்கே முதன்மையான கேள்வி. அக்கனவைச் சொல்வதற்கு ஒருவரும் கேட்பதற்கு ஒருவரும் இருக்கும் வரையில் அது உயிரோடிருக்கிறது. க்ரூக்ஸின் துயரம் நிலமின்மையால் வந்ததன்று. நூல்கள் இருந்தும், தான் கண்டதை ‘நீயும் கண்டாயா’ என்று கேட்க அருகில் ஆளின்மையால் வந்தது.

கட்டுண்டவனின் தனிமை

தமிழ்ப் புனைவுக்குத் திரும்பினால் காட்சி வேறாகிறது. நம் உழைப்பாளி தனியே அலைந்தவன் அல்லன். அவன் கூட்டமாகக் கொண்டு செல்லப்பட்டான். இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் ஆள் திரட்டிய கங்காணி பெரும்பாலும் அவன் ஊரறிந்தவர். முன்பணமே முதல் விலங்கு. இலங்கையில் வழங்கிய ‘துண்டு’ முறை இதற்குத் தக்க சான்று. உழைப்பாளி எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்பதைக் காட்டும் அத்துண்டுச் சீட்டு இல்லாமல் அவன் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல இயலாது. அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. மலாயாவுக்கான உதவி பெற்ற ஆள் திரட்டல் 1938இல் நிறுத்தப்பட்டது. ஆனால் காகிதத்தால் மனிதனைக் கட்டும் கலை அவற்றோடு ஒழிந்துவிடவில்லை.

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இவ்வுலகைத் தமிழில் முதலில் காட்டிய படைப்புகளுள் ஒன்று. நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டம் செல்லும் மருதியைச் சுற்றி எப்போதும் மக்கள் இருக்கிறார்கள். ஊரார் இருக்கிறார்கள், தாய் உடன் வருகிறாள். எனினும் அவளைக் காக்கும் தோழமை ஒன்றுமில்லை. தோட்ட மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியான ‘ரெட் டீ’, இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 2007இல் ‘எரியும் பனிக்காடு’ ஆகத் தமிழுக்கு வந்தது. ஆனைமலைத் தோட்டங்களுக்குக் கருப்பனும் வள்ளியும் சேர்ந்தே செல்கிறார்கள். லயத்தில் அடுத்தடுத்த அறைகளில் தம்மைப் போன்றோர் சூழவே வாழ்கிறார்கள். ஆயினும் நோயும் கடனும் மேஸ்திரியின் கோலும் ஒவ்வொரு குடும்பத்தையும் அதனதன் கணக்குக்குள் அடைத்துவிடுகின்றன. இந்நாவலைத் தழுவி 2013இல் வெளிவந்த திரைப்படத்துக்குப் ‘பரதேசி’ என்று பெயரிடப்பட்டமை, நாம் தொடக்கத்தில் சுட்டிய சொல் வரலாற்றை மீண்டும் நினைவுறுத்துகிறது.

கூட்டத்தின் நடுவே விளையும் இத்தனிமையைக் கட்டுண்டவனின் தனிமை எனலாம். ஸ்டைன்பெக்கின் மாந்தர்க்கு உறவுகள் மிகக் குறைவு. நம் மாந்தர்க்கோ உறவுகள் மிகுதி. ஆனால் ஒவ்வோர் உறவின் பின்னும் ஒரு பற்றுவரவு இருக்கிறது.

கணக்கில் வராத உறவு

இவ்விடத்தில் ப. சிங்காரத்தின் (1920–1997) ‘புயலிலே ஒரு தோணி’ தனிக் கவனம் பெறுகிறது. சிங்கம்புணரியில் பிறந்து, இளமையில் சுமத்ராவின் மெடான் நகருக்கு வேலைக்குச் சென்று, போருக்குப் பின் தாயகம் திரும்பி, மதுரையில் நாளிதழ்ப் பணியாற்றிய அவர் இரண்டு நாவல்களே எழுதினார். 1972இல் வெளியான இந்நாவலின் பின்புலம் வட்டிக்கடைகள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக அடுக்கப்பட்ட உலகம் அது. அங்கே ஒவ்வொருவனின் இடமும் பேரேட்டில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. தேயிலைத் தோட்டக் கூலியோடு ஒப்பிடுகையில் இவர்கள் வசதி படைத்தோர்தாம். எனினும் ஊரைப் பிரிந்த ஏக்கம் வகுப்பு வேறுபாடு பார்ப்பதில்லை.

போர் அந்தப் பேரேட்டை மூடிவிடுகிறது. அப்போதுதான் பாண்டியனும் மாணிக்கமும் அவர்களையொத்த நண்பர்களும் பேசத் தொடங்குகின்றனர். தமிழ்ப் பெருமை, பழைய நூல்கள், மதுரைத் தெருக்கள், சிறுவயதில் கண்ட ஊர்ச்சந்தை என்று அப்பேச்சு நீள்கிறது; பகடியும் சினமும் ஏக்கமும் அதில் மாறி மாறி வருகின்றன. கதையோட்டத்திற்கு இவ்வுரையாடல்கள் தடை என்று கருதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஜார்ஜ் தன் நிலத்தைப் பற்றிச் சொல்வதும் பாண்டியன் தன் மதுரையைப் பற்றிச் சொல்வதும் ஒரே தொழிலைச் செய்கின்றன. ஒருவன் இனி வரப்போகும் இடத்தைச் சொல்கிறான். மற்றவன் விட்டு வந்த இடத்தைச் சொல்கிறான். இருவருக்கும் வேண்டியது கேட்கும் செவி. கட்டற்றவனுக்கு நட்பு ஒரு கட்டு என்றோம். கட்டுண்டவனுக்கோ நட்பு ஓர் அவிழ்ப்பு. பற்றுவரவில் எழுதப்படாத ஒரே உறவு. பாண்டியன் ஊர் திரும்பாமலே முடிகிறான். ஆனால் ஊரைச் சொல்லிவிட்டு முடிகிறான் என்பதே அவனுக்கும் மருதிக்கும் உள்ள வேறுபாடு.

வளைகுடாவைப் பற்றிய புனைவுகள் இச்செவியை மேலும் அரிதாக்கிக் காட்டுகின்றன. மீரான் மைதீன் தம் சவூதி வாழ்க்கை பற்றிய நாவலுக்கு ‘அஜ்னபி’ என்று பெயரிட்டார். அரபு நாட்டில் வெளிநாட்டவரைச் சுட்டும் அன்றாடச் சொல்லே அது. அந்தத் தலைப்பு, மனிதன் தன் பெயரை இழந்து ஒரு வகைமையாகச் சுருங்குவதைச் சொல்லிவிடுகிறது. மலையாளத்தில் பென்யாமின் 2008இல் வெளியிட்டுப் பின் தமிழுக்கும் வந்த ‘ஆடுஜீவிதம்’ இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறது. பாலைவனத் தொழுவத்தில் சிக்கிய நஜீபுக்குப் பேச மனிதரில்லை. அவன் ஆடுகளுக்குத் தன் ஊர் மனிதர்களின் பெயர்களைச் சூட்டுகிறான். ஜார்ஜும் பாண்டியனும் நண்பனிடம் சொன்ன ஊரை, நஜீப் விலங்குகளின் மேல் எழுதி வைக்கிறான். இறுதியில் அவனை வழிநடத்திச் செல்பவன் மொழியும் நாடும் வேறான சோமாலியன் இப்ராஹீம் காதிரி.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி நாம் நின்று சிந்திக்க வேண்டும். வேலைக்கு வந்த அந்நியரை ஒரு முதலாளியின் பொறுப்பில் பிணைக்கும் முறைக்குக் ‘கஃபாலா’ என்று பெயர் வழங்கலாயிற்று. மார்க்கச் சட்ட மரபில் கஃபாலத் என்பது பிணையேற்றலையும் பொறுப்பேற்றலையும் குறிக்கும் உயரிய சொல். மர்யம் (அலை) அவர்களை ஸகரிய்யா (அலை) பொறுப்பேற்று வளர்த்ததைத் திருக்குர்ஆன் இந்த வேர்ச்சொல்லாலேயே குறிப்பிடுகிறது. அநாதையைப் பேணுபவருக்கும் இதே சொல்தான். காக்கும் கையைக் குறித்த சொல், கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொள்ளும் கைக்கும் பெயரானது நம் காலத்தின் அவலம். பல நாடுகளில் இம்முறை அண்மை ஆண்டுகளில் திருத்தங்களுக்கு உள்ளாகியுள்ளது என்பதையும் மறத்தலாகாது. ஆனால் இலக்கியம் கேட்பது சட்டத் திருத்தத்தை மட்டுமன்று. அச்சொல்லுக்கு அதன் பழைய பொருளைத் திருப்பித் தரும்படியும் கேட்கிறது.

நண்பனைக் கைவிடும் கணம்

ஸ்டைன்பெக்கின் நாவல் முடியும் விதம் நம் வாசகர் பலரைக் கலங்கச் செய்யும். அறியாமல் ஒரு பெண்ணின் சாவுக்குக் காரணமான லென்னியை வெறிகொண்ட கூட்டம் தேடுகையில், அதே ஆற்றங்கரையில், அதே கனவைச் சொல்லிக்கொண்டே ஜார்ஜ் தன் நண்பனைச் சுட்டுக் கொல்கிறான். இதனைக் கருணை என்று போற்றும் திறனாய்வுகள் உள்ளன. உயிரை எடுக்கும் உரிமை மனிதனுக்கில்லை என்று நம்பும் நாம் அப்போற்றுதலில் பங்கு கொள்ள இயலாது. அதே வேளையில், தீர்ப்புரைத்துவிட்டு நூலை மூடிவிடுவதும் வாசிப்பாகாது.

ஏனெனில் நாவலாசிரியர் இச்செயலுக்கு முன்பே ஒரு நிழலை வரைந்து வைத்திருக்கிறார். கேண்டியின் கிழட்டு நாயைப் பயனற்றதென்று மற்றவர்கள் சுடும்போது, அதைத் தானே செய்திருக்க வேண்டுமென்று அவர் பின்னர் வருந்துகிறார். அதே கைத்துப்பாக்கிதான் பின்னர் ஜார்ஜின் கைக்கு வருகிறது. உழைப்புக்குப் பயன்படாத உயிருக்கு அப்பண்ணையில் இடமில்லை. பலவீனனைக் காக்கச் சட்டமோ குடும்பமோ சமூகமோ இல்லாத இடத்தில், முழுப் பாரமும் ஒரே ஒரு நண்பனின் தோளில் விழுகிறது. அந்தத் தோள் முறிகிறது. ஆடுஜீவிதத்தில் நீர் வேட்கையால் மதிமயங்கி மாண்ட ஹக்கீமைப் பாலையில் விட்டுவிட்டு நஜீப் நடக்க நேர்வதும் இவ்வகையதே. இரண்டு நூல்களும் நட்பின் மேன்மையைக் காட்டுவதைவிட, நட்பை மட்டும் நம்பி ஒரு மனிதனை விட்டுவைத்த உலகின் கீழ்மையையே காட்டுகின்றன என்பது நம் துணிபு.

மதீனாவில் முஹாஜிர்களுக்கும் அன்ஸார்களுக்கும் இடையே நபி (ஸல்) அவர்கள் ஏற்படுத்திய சகோதரப் பிணைப்பு இங்கே நினைவுக்கு வருவது இயல்பு. வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஊரார் ஒருவர் என்ற ஏற்பாடு அது. ஸஅத் பின் ரபீஃ (ரலி) தம் செல்வத்தில் பாதியை அளிக்க முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அதற்காக வாழ்த்திவிட்டுச் சந்தைக்கு வழி கேட்டார் என்பது பலரும் அறிந்த வரலாறு. கொடுத்தவரின் வள்ளன்மையை நாம் அடிக்கடி பேசுகிறோம். அந்நியனின் தன்மதிப்பு குலையாமல் வழி காட்டப்பட்டதை அவ்வளவாகப் பேசுவதில்லை. தோழமை அங்கே தற்செயலாக விடப்படாமல் சமூகத்தின் கடமையாக்கப்பட்டது. ஸ்டைன்பெக்கின் பண்ணையில் இல்லாதது இதுவே.

பெயரற்றவர்கள்

மேற்கண்ட நூல்களில் பெரும்பாலானவை ஆண்களின் தோழமையையே மையமாகக் கொண்டவை. ஸ்டைன்பெக்கின் நாவலில் முதலாளி மகனின் மனைவிக்குப் பெயர் கூட இல்லை. அவள் யாரோடாவது பேசத் துடிக்கிறாள். அத்துடிப்பை எல்லோரும் ஒழுக்கக் கேடு என்று மட்டுமே வாசிக்கின்றனர். லென்னியிடம் அவள் மனம் திறந்து பேசும் காட்சியே அவள் முடிவாகிறது. க்ரூக்ஸை அச்சுறுத்தியவளும் அவளே. தனிமைப்பட்டவர் தம்மினும் தனிமைப்பட்டவரைக் காயப்படுத்துவர் என்னும் கசப்பான உண்மையை ஆசிரியர் மறைக்கவில்லை. எனினும் பெயர் தராமல் விட்டதை ஒரு குறையாகவே நாம் கருதுகிறோம்.

சிங்காரத்திலும் பெண்கள் பெரும்பாலும் நினைவின் ஓரத்திலேயே நிற்கிறார்கள். அயலகம் சென்றவனின் பெட்டி திரும்பி வரும் வீட்டின் உள்ளறைக்குள் நம்மை அழைத்துச் சென்றது சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004). அதில் பெண்களின் பேச்சும் இரவுகளும் பேசாத ஆண்டுகளும் பதிவாயின. அந்நூல் வெளியானபோது நம் சமூகத்தில் எழுந்த சலசலப்பை விடவும், அது கேட்ட வினா நீடித்திருக்கிறது. பாலையில் ஒருவன் தனித்திருக்கும் அதே ஆண்டுகளில், வீட்டில் ஒருத்தியும் தனித்திருக்கிறாள் அன்றோ? அவளுக்கான செவி எது?

நம் செவி

ஊரில் ஒரு பெரியவர் இருந்தார். வளைகுடாவில் பல்லாண்டுகள் உழைத்துத் திரும்பியவர். கொண்டு வந்தவை பற்றிக் கேட்டவர் பலர். ஒருநாள் தொழுகை முடிந்து திண்ணையில் அமர்ந்திருந்தபோது, அவராகவே தம் அறைத் தோழர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். பீகாரைச் சேர்ந்தவராம், ரமளானில் ஸஹருக்கு நாள்தோறும் இவரை எழுப்பிவிடுவாராம். இவருடைய தந்தை இங்கே மௌத்தான செய்தி வந்த இரவில், பாஷை சரிவரப் புரியாவிட்டாலும், விடியும் வரை அருகிலேயே அமர்ந்திருந்தாராம். ‘எங்க அத்தாவப் பத்தி அன்னைக்கு ராவெல்லாம் தமிழ்லயே சொல்லிக்கிட்டிருந்தேன்; அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு’ என்றார். நாம் மேலே நூல்களைக் கொண்டு நிறுவ முயன்றதை அவர் இரண்டு வாக்கியங்களில் சொல்லி முடித்துவிட்டார்.

அதே பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் இன்று திண்டுக்கல், வேடசந்தூர் வட்டார நூற்பாலைகளிலும் கட்டுமானப் பணிகளிலும் உழைக்கின்றனர். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கைப்பேசியில் தொலைவிலிருப்போரோடு பேசியவாறே நடக்கின்றனர். அவர்களை நம்மவர் அழைக்கும் பெயர் ‘வடக்கன்’. அஜ்னபி என்று அழைக்கப்பட்டபோது நாம் புண்பட்டோம். நம் ஊருக்கு வந்தவனுக்கு அதே புண்ணை நாமே கொடுக்கிறோம். இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் ஐயுறும் அந்தப் பண்ணை முதலாளி, நாம் நினைப்பதுபோல் கலிபோர்னியாவில் மட்டும் வாழ்பவன் அல்லன்.

நன்மை செய்யப்பட வேண்டியோரைத் திருக்குர்ஆன் அந்நிஸா அத்தியாயத்தில் வரிசைப்படுத்தும்போது, பெற்றோர், உறவினர், அண்டை வீட்டார் ஆகியோரோடு, பக்கத்தில் இருக்கும் தோழரையும் வழிப்போக்கரையும் சேர்த்தே கூறுகிறது. பயணத்தில் உடன் வருபவரும் அத்தோழருள் அடங்குவர் என்பது விரிவுரையாளர் பலரின் கருத்து. உறவாலும் மொழியாலும் அயலாரான ஒருவர், அருகில் இருக்கிறார் என்னும் ஒரே காரணத்தால் உரிமை பெற்றுவிடுகிறார். ஜார்ஜும் பாண்டியனும் நஜீபும் நாடியது இந்த உரிமையையே. புலம்பெயர்ந்தோர் பற்றிய புனைவுகளை நாம் வாசித்துக் கண்ணீர் சிந்துவது அரிதன்று. வாசித்து முடித்த பின், அருகிலிருக்கும் அந்நியனின் ஊர்ப்பெயரைக் கேட்டு, அவன் சொல்வதைப் புரிந்தவரை கேட்டுக்கொண்டிருப்பதே அவ்வாசிப்பின் நிறைவு. அது நிகழும் நாளில், பரதேசி என்னும் சொல் தன் நேர்ப்பொருளுக்குத் திரும்பக்கூடும்: வேறொரு தேசத்திலிருந்து வந்தவர், அவ்வளவே.